நாலு பித்தளை ஸ்க்ரூவும் ஓர் அம்புமுனையும்

ஞாயிற்றுக்கிழமை. காலை 9.40.

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நின்றார். பெட்டி பூட்டியிருந்தது. சாவி அவர் இடுப்புச் சங்கிலியில் தொங்கியது. உள்ளே பன்னிரண்டு அம்புமுனைகள் இருக்க வேண்டும். எண்ணினார். பதினொன்று. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து கொடுக்கிறவர், தன் கண்மேல் பழி போட முடியுமா? பதினொன்றுதான்.

நடு வரிசையில் மூன்றாவது இடம் வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது. அறுத்த நூலின் இரண்டு நுனிகள் மட்டும் துருத்திக்கொண்டிருந்தன.

"என்னோட நாப்பதாயிரம்!" என்று அவர் போட்ட கூச்சலில் அடுக்களையில் ஒரு தட்டு விழுந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் டாக்டர் அவரிடம், "ரத்த அழுத்தம் ஏறுது. மனசுக்குப் பிடிச்சதா ஏதாவது பொழுதுபோக்கு வெச்சுக்குங்க" என்றார். மற்றவர்கள் என்றால் தொட்டியில் மீன் வளர்ப்பார்கள். இவர் பழைய சாமான் சந்தையில், அந்தக் காலத்து வேட்டைக்காரர்களின் இரும்பு அம்புமுனை ஒன்றைப் பார்த்தார், வாங்கினார், விழுந்தார். அந்த வட்டாரத்தில் அம்புமுனை என்றால் ஒரே ஆள்தான். முப்பது வருடமாகச் சேர்ப்பவர், விற்பவர், நிபுணர். எல்லோருக்கும் அவர் 'அம்பு சார்'. முதல் பதினொன்றை அம்பு சார் கொசுறு விலைக்குக் கொடுத்தார். பன்னிரண்டாவதை நாற்பதாயிரத்துக்குக் கொடுத்தார். முதல் பதினொன்றும் எதற்கு என்று வியாபாரம் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

பெட்டி செய்தது தச்சர். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த லென்ஸ் தேய்க்கும் அறையில் மாட்டினார்கள். அன்றைக்கே பன்னிரண்டையும் வெள்ளைக் கம்பளித் துணிமேல் நூலால் கட்டி, பூட்டியாகிவிட்டது. அதற்கப்புறம் மூன்று மாதமாக ஒன்றைக்கூட யாரும் தொடவில்லை. தேய்க்கிற இயந்திரம் மட்டும் பக்கத்திலேயே தண்ணீரைத் தெளித்துக்கொண்டு நாள் முழுக்கச் சுற்றியது.

10.05.

பூட்டு உடையவில்லை. ஆனால் கதவை வெளிப்புறமாகப் பிடித்திருந்த கீல்களின் நாலு பித்தளை ஸ்க்ரூக்களும் கீறிக் கிடந்தன. அதைக் கழற்றினால் பூட்டு சும்மா அலங்காரம். இந்த ரகசியம் யாருக்குத் தெரியும்? செய்தவனுக்கு. நேற்று சாயங்காலம் யார் இங்கே வேலை பார்த்தது? செய்தவன். கண்ணாடிக்காரர் கணக்கை முடித்துவிட்டார்.

நேற்று பாதியில் விட்ட கல்லா மேசை டிராயரை முடிக்கத் தச்சர் தோளில் பையோடு வந்தார். படியில் கால் வைப்பதற்குள் கண்ணாடிக்காரர் தெருவுக்கே இறங்கிவிட்டார்.

"வாய்யா வா! திருடின இடத்துக்கே திரும்பி வர்றியே, என்ன நெஞ்சழுத்தம்! திருட்டுப்பய! எங்கேய்யா என் அம்புமுனை?"

எதிர்க்கடை பூட்டு வியாபாரி எழுந்து நின்றார். அச்சகத்துக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை, தெருவுக்கு வேறு வேலை இல்லை.

தச்சர் நேராக உள்ளே போய்ப் பெட்டியைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது அப்போதுதான்.

"எவன்யா இந்த ஸ்க்ரூவை இப்படிக் கடிச்சு வெச்சது?"

"நடிக்காதே!"

10.20-க்குத் தச்சரின் கைபேசி ஒலித்தது. அடுத்த தெருவில் புது வீடு கட்டும் அம்மா. ஏழு கதவு மாட்டுகிற வேலை. "நாளைக்கு நீங்க வரவேண்டாம், பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அந்த வீட்டுக்குப் பூட்டு கொடுப்பது எதிர்க்கடைக்காரர். கால் மணி நேரம் போதுமாயிருந்தது. அடுத்தவர் வீட்டுப் படுக்கையறை வரைக்கும் போய் வேலை செய்கிறவன் மேல் இந்தப் பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், அப்புறம் எந்தக் கதவு திறக்கும்? தச்சர் முக்காலியில் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

10.35.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் காவல் நிலைய ஏட்டு, புகார் எழுத. இன்னொருவர் கண்ணாடிக்காரரின் அக்கா. ஐந்தாவது கடையில் டிரை கிளீனிங் வைத்திருக்கிறாள். சாந்து, சாயம், உதட்டுப்பூச்சு என்று ஒரு சட்டையைப் பார்த்தே அது போய்வந்த இடத்தைச் சொல்லிவிடுவாள். தெருவில் பாதி கணவன்மார்கள் வேறு கடைக்குத் துணி போடுவதன் காரணம் அதுதான்.

"நீ எதுக்குக்கா வந்தே?"

"உன் பொண்டாட்டி கூப்பிட்டா. தம்பிக்கு பி.பி. ஏறுதுன்னா. தெருவுல நின்னு கத்துனா எறங்கும்னு எந்த டாக்டர்டா சொன்னான்?"

"அண்ணி, நீங்களாவது கேளுங்க" என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி. "அந்தத் தச்சர் அஞ்சு வருசமா நம்ம வீட்டுக்கு வர்றவரு. கீழே கிடந்த என் தோட்டை எடுத்துக் குடுத்தவரு."

"தோட்டோட மதிப்பு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும், கொறச்சல்னு" என்றார் கணவர். அந்த நேரத்திலும் மனைவி அவரைப் பார்த்த பார்வையை ஏட்டுகூடக் கவனித்தார்.

"எழுதிரலாமா சார்?" என்றார் ஏட்டு. "பேரைச் சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுங்க ஏட்டய்யா" என்றாள் அக்கா. "பன்னெண்டு மணி வரைக்கும். உங்க சட்டைப்பையில இங்க் கொட்டியிருக்கே, அதைச் சும்மாவே எடுத்துத் தர்றேன்."

ஏட்டு தன் பையைப் பார்த்தார். பொறுத்தார்.

10.45.

அக்கா பெட்டியைத் திறக்கச் சொன்னாள். ஸ்க்ரூக்களை விரலால் தடவினாள். ஒரு அம்புமுனையை நூலை நெகிழ்த்தித் தூக்கினாள். அடியில் துணியில் அதே வடிவத்தில் பழுப்பாக ஒரு நிழல். அடுத்ததைத் தூக்கினாள். அங்கேயும்.

"அடப்பாவி, நல்ல கம்பளித் துணிடா இது! ஈர ரூமுல இரும்பைக் கட்டி வெச்சிருக்கே. துருக்கறை. எந்தக் கொம்பன் வந்தாலும் இனிமே இதை வெளுக்க முடியாது."

"நாப்பதாயிரம் போச்சுங்கறேன், நீ துணிக்கு அழறியே!"

"என் தொழில் புத்தி எனக்கு. ஏன் ஒருநாளாவது தொடச்சு வெக்கலே?"

"தொடக்கூடாதுக்கா. கை வேர்வை பட்டா பழைய மெருகு போயிரும்னு அம்பு சார் சொல்லியிருக்காரு. அதுலயும் அந்தப் பன்னெண்டாவதை ஊதக்கூடக் கூடாதுன்னாரு. நாளைக்கு அருங்காட்சியகத்துல இருந்து ஒருத்தர் லென்ஸோட வர்றாரு, பார்த்துச் சான்று தர்றதுக்கு. அவருக்கு இப்ப எதைக் காட்டுவேன்?"

"அவர் வர்றது யார் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான். நேத்துக் காலையில தகவல் வந்ததும் முதல்ல அம்பு சாருக்குப் போன் பண்ணேன். அப்புறம் வீட்டுல. டிராயர் வேலைக்கு வந்தப்ப இவன்கிட்டயும் பெருமையடிச்சேன்."

"பெருமையை மட்டும் நீ பூட்டியே வெக்க மாட்டே."

10.55. தச்சர்.

"நேத்து எப்ப வந்தீங்க?"

"நாலு மணி. ஆறுக்குப் போனேன்."

"இந்த ரூமுக்கு வந்தீங்களா?"

"ஒரு தடவை."

"எதுக்கு?"

"பெட்டி எப்படி இருக்குன்னு பார்க்க."

"அதை ஏன் பார்க்கணும்?"

"நான் செஞ்சதும்மா."

"கீலை ஏன் வெளியே வெச்சீங்க?"

"உள்கீல் கூடுதல் செலவாகும்னேன். சார் வேண்டாம்னுட்டாரு."

ஏட்டு கண்ணாடிக்காரரைப் பார்த்தார். கண்ணாடிக்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

"உங்க பையில எத்தனை ஸ்க்ரூ டிரைவர் இருக்கு?"

"ஒம்பது."

"பை நேத்து எங்கே இருந்தது?"

"என் காலடியில. கல்லா பக்கத்துல. கருவியை விட்டு நான் நகர மாட்டேன்."

11.05. மச்சினன். மனைவியின் தம்பி; வேலை தேடுவதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்டு மாடி அறையில் இருப்பவன்.

"நேத்து அஞ்சே காலுக்கு எங்கே இருந்தே?"

"வெளியே போயிருந்தேன்க்கா."

"வெளியேன்னா?"

"நண்பனைப் பார்க்க."

"எந்த நண்பன்?"

மச்சினன் விழித்தான். கண்ணாடிக்காரரின் கண் சுருங்கியது. ஐந்தே கால் முதல் ஐந்தே முக்கால் வரை அவர் முன்பக்கத்தில் ஒரு வாடிக்கையாளருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக் கண் சோதித்தார். தச்சர் அவர் பார்வையில் கல்லாப் பக்கம் இருந்தார் என்றுதான் ஞாபகம். ஆனால் சத்தியம் செய்ய முடியாது. அந்த அரைமணி நேரம் லென்ஸ் அறைக்குக் காவல் இல்லை. வீட்டுப் பக்கக் கதவும் அந்த அறைக்குத்தான் திறக்கும்.

"ஏன்டா, நீயா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"ஐயோ அத்தான்!"

"அவனில்லே" என்றாள் அக்கா. "அவன் மொட்டை மாடியில சிகரெட் பிடிச்சுட்டிருந்தான். வாரா வாரம் அவன் சட்டை என்கிட்டதான் வருது. ஒவ்வொரு சனிக்கிழமைச் சட்டையிலும் சாம்பல் பொத்தல். எதிர்மாடிக்காரங்களைக் கேட்டுக்கோ."

கண்ணாடிக்காரரின் மனைவி தன் தம்பியைப் பார்த்தாள். திருட்டுப் பழியே பரவாயில்லை போலிருந்தது அவனுக்கு.

11.20. அம்பு சார் வந்தார்.

நல்ல உயரம், மெதுவான குரல், கறையில்லாத வெள்ளைச் சட்டை. கண்ணாடிக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி.

"அந்த மாதிரி ரெண்டு பக்கமும் கூரான வேட்டை முனை இன்னொண்ணு என் ஆயுசுல பார்க்கப் போறதில்லே" என்றார்.

"நேத்து இங்கே வந்தீங்களா சார்?" என்றாள் அக்கா.

"வந்தேனே. அஞ்சே கால் இருக்கும். தம்பி கண் சோதிச்சிட்டிருந்தாரு, தொந்தரவு வேண்டாம்னு கூப்பிடலே. இந்த அறையில உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டுக் கிளம்பிட்டேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்." சிரித்தார். "என்னைச் சந்தேகப்படறீங்களா அம்மா? நியாயந்தான், எல்லாரையும் கேட்கணும். ஆனா யோசிச்சுப் பாருங்க. அது எனக்கு வேணும்னா நான் வித்திருக்கவே மாட்டேனே?"

"அக்கா, சாரைப் போய்க் கேக்கறியே!" என்றார் கண்ணாடிக்காரர். "தச்சன்கிட்ட பையைக் காட்டச் சொல்லு!"

ஏட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 11.30. தச்சர் பையைத் தலைகீழாகக் கொட்டினார். உளி, ரம்பம், ஒன்பது ஸ்க்ரூ டிரைவர். அவ்வளவுதான். காலிப் பையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உதறிக் காட்டினார். நேர்மையா நடிப்பா என்பதில்தான் அறை இரண்டாகப் பிரிந்திருந்தது.

அக்கா பெருமூச்சுவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பேச்சை மாற்றினாள்.

"போகட்டும் சார். என் தம்பிக்கு இந்த ஆசையே வேண்டாம். இருக்கற பதினொண்ணையும் நீங்களே எடுத்துக்குங்க. வாங்கின விலையில பாதி குடுங்க போதும்."

"அக்கா!"

"நீ சும்மா இரு."

அம்பு சார் பெட்டியைப் பார்த்தார். விரலால் தாடையைத் தடவினார். "பாதி ஜாஸ்தி அம்மா. துணியில கட்டித் துருவேத்திட்டாரு. மூணுல ஒரு பங்கு தர்றேன்."

"நாப்பது பங்கு வெச்சுக்குவோம். நூத்துக்கு நாப்பது."

"உங்களுக்காக முப்பத்தஞ்சு."

"சரி, எடுத்துக்குங்க. அந்தப் பன்னெண்டாவதும் கெடைச்சா அதையும் நீங்களே வெச்சுக்குங்க. நாப்பதாயிரத்துக்கு வித்தீங்க. நாலாயிரம் குடுங்க. ஏட்டய்யா முன்னாடி ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அம்பு சார் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார்.

"அது... கெடைக்கறப்ப பார்த்துக்கலாமே."

"கெடைச்சாத்தான் சார் காசு. கெடைக்கலேன்னா உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லே."

"கெடைச்சாலும் எப்படி இருக்குமோ. முனை ஒடிஞ்சிருக்கலாம்."

"ஒடியாம கெடைச்சா. ரெண்டாயிரம்?"

"இப்ப என் பட்டியல்ல இடமில்லே அம்மா."

"ஐநூறு?"

அம்பு சார் வேண்டாம் என்று கையை ஆட்டினார். கண்ணாடிக்காரர் முதல்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறவியிலேயே வியாபாரி அவரும். நாற்பதாயிரம் விலை சொன்ன பொருளை ஐந்நூறுக்கு வேண்டாம் என்கிற ஒரு ஆளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

11.45.

"ஏட்டய்யா, எழுதிக்குங்க" என்றாள் அக்கா. "எடுத்தது இவரு."

"என்னம்மா விளையாட்டு இது?"

"விளையாட்டில்லே சார். துருப்பிடிச்ச பதினொண்ணுக்கு விடாம பேரம் பேசறீங்க. ஆயுசுக்கும் கெடைக்காத ஒண்ணுக்கு ஐநூறு தர மாட்டேங்கறீங்க. மாட்டிக்கக்கூடாதேன்னு ஒரு 'சரி' சொல்லியிருக்கலாம். நாக்கு வரலே. செல்லாத பொருளுக்கு வியாபாரி வாய் விலை சொல்லாது. அது செல்லாதுன்னு உங்களுக்குத் தெரியும். ஏன்னா, செஞ்சதே நீங்க."

"பேரம் படியலேன்னா திருடனா?" என்றார் அம்பு சார், ஏட்டைப் பார்த்து.

"அது மட்டும்னா நானும் விட்டிருப்பேன்." அக்கா மடமடவென்று பதினோரு முனைகளையும் அவிழ்த்து மேசைமேல் வைத்தாள். துணி முழுதாகத் தெரிந்தது. பதினோரு பழுப்பு நிழல்கள். நடு வரிசையில் ஓரிடம் மட்டும் நேற்று வாங்கிய துணி மாதிரி இருந்தது.

"காலியா இருக்குன்னுதான் எல்லாரும் இந்த இடத்தைப் பார்த்தீங்க. சுத்தமா இருக்குன்னு யாரும் பார்க்கலே. பன்னெண்டையும் ஒரே நாள்ல கட்டுனது. ஒரே ஈரம், ஒரே மூணு மாசம். பதினோரு இரும்பும் துரு விட்டிருக்கு. பன்னெண்டாவது மட்டும் ஏன் விடலே? அது இரும்பே இல்லே. எவர்சில்வர். மேலே பழுப்புச் சாயம். தொடாதே, ஊதாதேன்னு நீங்க சொன்னது மெருகு போயிரும்னு இல்லே. சாயம் போயிரும்னு."

அம்பு சாரின் முகம் மாறியது; ஆனால் குரல் மாறவில்லை. "உங்களுக்குச் சலவை தெரியும் அம்மா, இரும்பு தெரியாது. விலை உயர்ந்த முனைங்கறதால மெழுகு பூசித்தான் குடுத்தேன். மெழுகு இருந்தா துரு இறங்காது."

ஏட்டு பேனாவை நிறுத்தினார். தச்சர் தலை நிமிர்ந்தது, மறுபடி தாழ்ந்தது.

"மெழுகா?" என்றாள் அக்கா. "நல்லாப் பூசினீங்களா?"

"ரெண்டு கை பூசினேன்."

"அண்ணி!" என்று மனைவி கையைப் பிசைந்தாள்.

"போய் இஸ்திரிப் பெட்டியைச் சுடவெச்சு எடுத்துட்டு வாம்மா. பழுப்புக் காகிதம் ஒண்ணும்."

11.55.

அக்கா துணியின் சுத்தமான இடத்தில் காகிதத்தை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். "மெழுகுதிரி சொட்டின துணி மாசத்துக்குப் பத்து வரும் எனக்கு. சூடு பட்டா மெழுகு உருகிக் காகிதத்துல ஏறிக்கும். எண்ணெய்த் திட்டு மாதிரி தெரியும். துணியில ஒரு மிளகளவு மெழுகு இருந்தாலும் தப்பாது."

காகிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். ஒரு திட்டும் இல்லை.

"மூணு மாசம் துணியை ஒட்டி இருந்த ரெண்டு கை மெழுகு எங்கே சார் போச்சு?"

அம்பு சார் காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"வித்தப்ப உங்களுக்குப் பயமில்லே. தம்பி பழகாதவன். ஆனா நேத்துக் காலையில, லென்ஸோட ஒருத்தர் வர்றாருன்னு உங்களுக்குத்தான் முதல்ல போன் போட்டிருக்கான். பொருள் இருந்தா போலின்னு தெரியும். காணாம போனா களவுன்னு ஆகும், நீங்களும் கூட உட்கார்ந்து அழலாம். சாயங்காலம் வந்தீங்க. கையில கருவி இல்லே. பாக்கெட்டுல சில்லறை இருந்தது. பித்தளை ஸ்க்ரூ மிருதுவானது. காசோட வளைஞ்ச விளிம்பு அப்படியே பதிஞ்சிருக்கு, தடவிப் பாருங்க. காலடியில ஒம்பது ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருக்கறவன், தான் செஞ்ச பெட்டியைக் காசால கடிப்பானா?"

"மாட்டேன்" என்றார் தச்சர். அந்த அரைமணியில் அவர் பேசிய ஒரே சொல்.

"பொருள் எங்கே?" என்றார் ஏட்டு. "தூக்கிப் போட்டிருப்பாரே?"

"இந்த வியாபாரியா? அடுத்த புது ஆளு வந்து மாட்டற வரைக்கும் பத்திரமா வெச்சிருப்பாரு. வீட்டுல பாருங்க."

12.50.

ஏட்டு அம்பு சாரோடு போனவர், ஒரு சிகரெட் டப்பாவோடு திரும்பினார். அக்கா பஞ்சில் தின்னரை நனைத்து அம்புமுனையின் ஓரத்தைத் தேய்த்தாள். நூற்றாண்டுப் பழுப்பு பஞ்சோடு வந்தது. அடியில் எவர்சில்வர் பளபளத்தது. ஒரு பக்கத்தில், கரண்டிக் காம்பாக இருந்த காலத்துப் பூவேலை பாதி மிச்சமிருந்தது.

"நல்லவேளை, காலையிலேயே தச்சர் பேரை எழுதலே" என்றார் ஏட்டு.

கண்ணாடிக்காரர் தச்சரிடம் போனார். "ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

தச்சர் கொட்டிய கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "உள்ளே வெச்சுச் சொல்றீங்களே சார். காலையில எங்கே நின்னு சொன்னீங்க?"

கண்ணாடிக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா தெருவைக் காட்டினாள்.

படியில் இறங்கி நின்று அவர் சொன்னார், "இவர் திருடலே."

"என்னது? காதுல விழலே!" என்றார் எதிர்க்கடைப் பூட்டு வியாபாரி.

"இவர் திருடலே! எடுத்தது வேற ஆளு!"

"காலையில இன்னும் நல்லாக் கேட்டுச்சே" என்றார் அச்சகத்துக்காரர்.

மூன்றாவது முறை மாடி ஜன்னல்கள் திறந்தன. பூட்டு வியாபாரியே புது வீட்டு அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். கண்ணாடிக்காரர் அதிலும் ஒருமுறை சொன்னார். மறுமுனை பேசியதைத் தச்சர் கேட்டுவிட்டு, "சரிங்கம்மா, காலையில எட்டு மணிக்கு" என்றார். காலையிலிருந்து இறுகியிருந்த அவர் தோள்கள் அப்போதுதான் இறங்கின.

கண்ணாடிக்காரருக்கும் உயிர் வந்தது. "அப்ப அந்த டிராயரை இன்னைக்கே முடிச்சிரலாமா? கூலி சேர்த்தே தர்றேன்."

தச்சர் பையைத் தோளில் மாட்டினார்.

"வேற ஆளைப் பாருங்க சார். நாளைக்கு இங்கே ஒரு குண்டூசி காணாம போனாலும், நீங்க தேடறதுக்கு முன்னாடி என் மூஞ்சிதான் உங்களுக்கு ஞாபகம் வரும்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லக் கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். தெரு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.